விலை பேசித் தீர்மானிக்கலாம்

இரவு பதினொன்றரைக்கு
இல்ஹாம் ஒரு படம் அனுப்புகிறான்.
சொல் ஒன்றுமில்லை.
கறுப்பு மஸ்டாங், அறுபத்தொன்பதாம் ஆண்டு,
நாவலையில் யாரோ வீட்டு போர்ட்டிக்கோவில்
பாதி தறப்பாளுக்குள், பாதி மழையில்.

மூன்று கோடியே நாற்பது லட்சம்.
பெண் வைத்தியர் பாவித்தது.
விலை பேசித் தீர்மானிக்கலாம்.

எட்டு சிலிண்டரை மிதித்துக்கொண்டு
அந்த அம்மா எந்த வார்டுக்கு
என்ன அவசரத்தில் போனாரோ.

ஐந்து நிமிடத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து துவாரகன்:
"கதவு இடைவெளியைப் பாரடா.
இடப்பக்கம் ஒரு விரல் போகும்,
வலப்பக்கம் நகம்கூடப் போகாது.
உது அடிபட்ட வண்டி."
காப்புறுதிக் கம்பனியில் சேதம் மதிப்பிடுகிறவன்.
கல்யாண வீட்டுக்குப் போனாலும்
முதலில் சுவர் வெடிப்பைத்தான் காண்பான்.

இல்ஹாமுக்குப் பஞ்சிகாவத்தையில் பிரேக் கடை.
"எஞ்சின் ஒரிஜினல் இல்ல மச்சான்,
லொறி எஞ்சின் போட்டீக்கி. சத்தத்துலயே வெளங்குது."
படத்தில் ஏது சத்தம்.
அவனுக்குக் கேட்கிறது.

நான் லீசிங் பிரிவில் இருப்பவன்.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
பிள்ளை எழும்பாதபடி வெளிச்சத்தைக் குறைத்து
மாதத் தவணை போட்டுப் பார்க்கிறேன்.
பால்மாவை நிறுத்தினால், வாடகையை நிறுத்தினால்,
மூச்சையும் கொஞ்சம் குறைத்தால்
வட்டி மட்டும் கட்டலாம்.
முதல் அப்படியே நிற்கும், வண்டியைப் போல.

பெற்றோல் பங்கீட்டுக் காலத்தில்
கியூ.ஆர். காட்டி ஒரு கிழமைக்குக் கிடைத்ததை
இது பம்பலப்பிட்டிக்கு நாலுதரம் போய் வருமுன்
குடித்து முடித்திருக்கும்.
அதையும் கணக்குப் போட்டோம்.
அந்த நாட்களில் வரிசையில் நின்றபோதுதான்
இந்தப் பழக்கம் பிடித்தது:
நகராத வண்டிக்குள் இருந்து
ஓடாத வண்டிகளைப் பார்ப்பது.

இலக்கத் தகட்டைப் பெரிதாக்கினான் இல்ஹாம்.
ஐந்து, பிறகு சிங்களத்தில் ஸ்ரீ, பிறகு நாலு இலக்கம்.
"இந்த ஸ்ரீக்கே அஞ்சு லட்சம் கூட வெச்சீக்கான்."
துவாரகன் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை.
அந்த எழுத்தில் தார் பூசியதற்காக
அவர்கள் குடும்பத்தில் ஒருவர் மறியலுக்குப் போனவர்.
பிறகு எழுதினான்:
"குறைப்பானோ கேள்."

ஞாயிறு மூவரும் என் ஆல்ட்டோவில் போனோம்.
அதற்கும் இன்று வாங்கிய விலையின் மூன்று மடங்கு,
விற்றால் அந்தக் காசுக்கு
இன்னொரு ஆல்ட்டோதான் வரும்.

கேற்றைத் திறந்தவர் திருமதி லொக்குகே.
புருஷன் மெல்பேர்னில்.
விளம்பரம் அங்கிருந்துதான் போடுகிறாராம்.
"யாராவது பார்க்க வந்தால் அன்றிரவே விலையைக் கூட்டுவார்,
விற்றுப்போகுமோ என்று பயம்" என்றார்,
சிங்களத்தில், எங்களுக்காக இரண்டு தமிழ்ச் சொல் சேர்த்து.

பின் சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.
பொனட்டைத் தூக்கினோம். பெட்டரி இல்லை.
இல்ஹாம் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்,
லொறியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
துவாரகன் இடப்பக்கக் கதவிடுக்கில் விரல் வைத்து
எடுக்க மறந்து நின்றான்.

"வந்ததுதான் வந்தீர்கள்,
கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுங்கள்.
அடியில் கான் அடைத்திருக்கிறது."

சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தள்ளினோம்.
முன்னூறு குதிரை இருந்த இடத்தில் மூன்று பேர்,
அதில் ஒருவனுக்கு முதுகு வலி.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு முனகல்,
பிறகு அந்தக் கனம் தானாகவே
எங்கள் கைகளை விட்டு ஒரு கணம் போனது.
நாலடி.
இல்ஹாம் வாயால் கியர் மாற்றினான்.

இரவு பதினொன்றரைக்கு மறுபடி ஒரு படம்.
வண்டி நாலடி முன்னால் நிற்கிறது.
மூன்று கோடியே அறுபது.
கீழே புதிதாக ஒரு வரி:
ஓடும் நிலையில் உள்ளது.